நேர்ச்சைக் கோழிக்குப் புல்

தீனிப்பை முட்ட நிறைந்திருக்க, பட்டினியால் செத்த கோழியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

தளவாய் பார்த்திருக்கிறார். அவர் போட்ட புல்லைத் தின்றுதான் அது செத்தது.

குளத்துக்கரையில் ஒரு அம்மன் கோயில். கோயில் என்றதும் கோபுரத்தை நினைத்துவிடாதீர்கள். ஒரு பீடம், மேலே நாலு தகரம், பக்கத்தில் ஓர் உடைமரம். அவ்வளவுதான். சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டிலாவது பிள்ளைக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தால், தாய் ஓர் இளங்கோழியைக் கொண்டுவருவாள். தன் சேலையில் ஒரு கிழிசல் எடுத்து அதன் காலில் கட்டுவாள். அம்மனைக் கும்பிட்டு இங்கேயே விட்டுவிட்டுப் போவாள். அதற்கு நேர்ச்சைக் கோழி என்று பேர். அதை விற்கக் கூடாது, அறுக்கக் கூடாது, அதன் மேல் இரும்பு படவே கூடாது. கோழி இருக்கும் மட்டும் பிள்ளை இருக்கும் என்பது ஊர்ப் பேச்சு.

ஒருமுறை நாய் ஒரு நேர்ச்சைக் கோழியைத் தூக்கிப் போய்விட்டது. சேதி ஆஸ்பத்திரி வரைக்கும் போனது. அம்மனே கைவிட்ட பிறகு ஊசி என்ன செய்துவிடும் என்று, அந்தத் தாய் மகனைக் கட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். பையன் வீடு வந்து சேரவில்லை.

அதற்குப் பிறகுதான் சாமி ஊர்க்காரர்களிடம் கம்பிவலை கேட்டு வாங்கிக் கோழிகளுக்கு அடைப்புப் போட்டார்.

சாமி என்றால் நரைத்த தாடி இல்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். கோயிலைக் கூட்டுவார். கோழிகளைப் பார்ப்பார். யாராவது கேட்டால் பேசுவார், கேட்காவிட்டால் இல்லை. அவரைவிடத் தளவாய் ரொம்பப் பெரியவர். லாரி ஓட்டி ஓய்ந்த மனுசன். மனைவி போன பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஞானம் வேண்டும் என்று ஒரு துணிப்பையோடு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். இவர் அவரைச் சாமி என்பார். அவர் இவரை அண்ணாச்சி என்பார். குரு யார் சிஷ்யன் யார் என்று வருகிறவர்களுக்குக் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும்.

அடைப்புக்குள் போட்ட கோழி என்ன செய்யும் என்று கோழி வளர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். சீய்த்துச் சீய்த்துத் தரையை மொட்டையாக்கிவிடும். பேருக்கு ஒரு புல் மிஞ்சாது. அதற்கப்புறம் பச்சை வேண்டுமென்றால் வெளியிலிருந்துதான் போட வேண்டும்.

சாமி தினமும் கரையில் புல் அறுத்து வருவார். பலகையில் வைத்துக் கத்தியால் நகக்கண் அளவுக்கு நறுக்குவார். ஒரு கூடைப் புல்லை நறுக்கி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். முருங்கைக்கீரையை மட்டும் நறுக்க மாட்டார். கொத்தாக வலையில் இறுக்கிக் கட்டித் தொங்கவிடுவார். கோழிகள் எம்பி எம்பிக் கிள்ளும். தின்றது வயிற்றில் அரைபட அவை கொத்துவதற்கென்று மூலையில் ஒரு சட்டி நிறையப் பருமணல் இருக்கும்.

நறுக்குகிற வேலை கொஞ்ச நாளில் தளவாய் கைக்கு வந்தது. முதுகு பிடித்துக்கொண்டது. ஒருநாள் கேட்டுவிட்டார்.

“இதை ஏன் சாமி நறுக்கணும்?”

“கோழிக்கு.”

சாமி கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தளவாய்க்குச் சோறு இறங்கவில்லை. ஞானம் தேடி வந்தவருக்கு நேரான பதில் கிடைத்தால் அதை நேராகவே வைத்துக்கொள்ளத் தெரியுமா? யோசித்தார். கோழி என்றால் மனசு. ஓயாமல் கிளறுகிறது அல்லவா. புல் என்றால் ஆசை. வெட்ட வெட்ட முளைக்கிறது அல்லவா. ஆசையை நறுக்கி நறுக்கி மனசுக்குப் போடு என்கிறார் சாமி. அடேயப்பா என்றிருந்தது அவருக்கு. மறுநாளிலிருந்து முதுகுவலியே தெரியாமல் நறுக்கினார்.

சாமியின் அக்கா வீட்டில் ஒரு சாவு விழுந்தது. காரியம் முடிந்துதான் வர முடியும் என்று கிளம்பினார். கிளம்பும்போது அடைப்புக்குள் ஒரு கோழியைக் காட்டினார். சாம்பல் நிற இளங்கோழி. காலில் மஞ்சள் சேலைக் கிழிசல். வடக்கூர் பிரமசக்தி விட்டது. அவள் மகள் முத்துக்கனிக்கு மூன்று வயது. மூளைக்காய்ச்சலோடு டவுன் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள்.

“அண்ணாச்சி, அவ இடையிடையில பஸ்ஸேறி வந்து இதைப் பார்த்துட்டுப் போவா. அந்தத் தெம்புலதான் அங்கே உக்காந்திருக்கா. பார்த்துக்கிடுங்க.”

தளவாய் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மனசாரத்தான் சொன்னார்.

மழை பெய்து கரைப்புல் முழங்கால் உயரத்துக்கு நின்ற சமயம் அது. தளவாய் புல்லை அறுத்துவந்து பலகையை எடுத்து வைத்தார். கத்தியை எடுத்தார். பிறகு கீழே வைத்துவிட்டார். நறுக்குவது மனசை அடக்குவதற்கு. மனசுதான் அடங்கிவிட்டதே, எத்தனை நாளாயிற்று. பாடம் முடிந்த பிறகும் பலகை எதற்கு? என் பாடத்துக்காக இந்த வாயில்லாத ஜீவன்கள் ஏன் ஏங்க வேண்டும்?

அள்ளிய புல்லை நீளம் நீளமாக அப்படியே அடைப்புக்குள் கொட்டினார். கோழிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஓடிவந்தன. புல்லின் ஒரு நுனியைப் பிடித்தால் மறுநுனி வரைக்கும் நூல் மாதிரி உள்ளே போனது. இளங்கோழி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியது. தளவாய்க்கு அதைப் பார்க்கப் பார்க்க அவ்வளவு நிறைவு.

கரையில் எருமை மேய்க்கிற உச்சிமாகாளி வலைக்கு வெளியே நின்று பார்த்தாள்.

“அண்ணாச்சி, கோழிக்குப் போடுதியளா, எருமைக்குப் போடுதியளா?”

தளவாய் சிரித்தார். சாமி மூக்குப்பொடி மாதிரி சிமிட்டாச் சிமிட்டாப் போட்டுப் பழக்கிவிட்டார், பாவம் இதுகளும் கொஞ்சம் வயிறு நிறையட்டும் என்றார். மறுநாளும் அப்படியே கொட்டினார்.

பெரிய கோழிகள் எப்படியோ சமாளித்துக்கொண்டன. சாம்பல் கோழி கூட்டத்தை விட்டு விலகி நின்றது. கழுத்தை நீட்டி நீட்டி முறுக்கியது. தளவாய் தூக்கிப் பார்த்தார். கழுத்துக்குக் கீழே தீனிப்பை விளாங்காய் மாதிரி கெட்டியாக இருந்தது. நன்றாகத்தான் தின்றிருக்கிறது என்று நிம்மதியாகக் கீழே விட்டார்.

அடுத்தடுத்த நாட்களில் அது எதையும் கொத்தவில்லை. வாயைத் திறந்தால் புளித்த மாவு வாடை. தீனிப்பை அதே கெட்டியில் இருந்தது. அதற்குக் கீழே நெஞ்செலும்பு மட்டும் கத்தி மாதிரி துருத்திக்கொண்டு வந்தது.

உச்சிமாகாளி உள்ளே வந்து தடவிப் பார்த்தாள். புல் சுருண்டு அடைத்திருக்கிறது, கீழே எதுவும் இறங்கவில்லை என்றாள். அவள் அம்மா வீட்டில் ஒரு கோழிக்கு இப்படித்தான் ஆயிற்றாம். தோலைக் கீறி எடுத்துவிட்டுத் தையல் போட்டார்களாம்.

“சில நேரம் பிழைக்கும் அண்ணாச்சி. பிளேடும் ஊசிநூலும் கொண்டாரட்டா?”

தளவாய் கோழியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நேர்ச்சைக் கோழி மேல் இரும்பு படுவதா என்றார். கீறி அது செத்துப்போனால் ஊருக்கு யார் பதில் சொல்வது என்றார். கீறாமலும் அது சாகத்தான் போகிறது என்று சொல்லிவிட்டு உச்சிமாகாளி எருமைகளைப் பத்திக்கொண்டு போனாள்.

தளவாய் நல்லெண்ணெய் விட்டார். நீவிவிட்டார். அம்மனுக்கு விளக்குப் போட்டார். விளாங்காய் கரையவில்லை.

சாமி திரும்பி வந்தபோது கோழி படுத்திருந்தது. தோளில் கிடந்த பையைக்கூட இறக்காமல் அடைப்புக்குள் போய் அதைக் கையில் எடுத்தார். விரலால் தீனிப்பையை அழுத்திப் பார்த்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். தளவாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோழி காலை உதறியது. அப்புறம் அசையவில்லை.

சாமி அதை நறுக்குகிற பலகையில் கிடத்தினார். கத்தியை எடுத்தார். தளவாய் அவர் கையைப் பிடித்தார்.

“நேர்ச்சைக் கோழி, சாமி. இரும்பு படக்கூடாது.”

“அது சாகக்கூடாதுன்னு வச்ச சட்டம் அண்ணாச்சி.”

தளவாய் கையை எடுத்தார். உச்சிமாகாளி பிளேடு கொண்டுவரட்டுமா என்று கேட்டதையும் தான் தடுத்ததையும் சொன்னார். சாமி தலையைத் தூக்கவில்லை.

தீனிப்பையைக் கீறி விரலை விட்டு இழுத்தார். புல் வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒன்றோடொன்று பின்னி, நசிந்து, சாக்கு தைக்கிற சணல் மாதிரி ஒரு புரி. முழுதும் எடுத்தபோது ஒரு சாண் இருந்தது. அதற்குக் கீழே குடலைத் திறந்து காட்டினார். ஒரு குருணை இல்லை. கழுவி வைத்த மாதிரி இருந்தது.

புரியைத் தளவாய் கையில் வைத்தார். நாற்றம் மூக்கைத் துளைத்தது. தளவாய் அதைக் கீழே போடவில்லை.

“வெளியில மேயுற கோழியும் இதே புல்லைத்தானே திங்குது சாமி?”

சாமி அவரைக் கரைக்குக் கூட்டிப் போனார். நிற்கிற புல்லில் ஒன்றை இரண்டு விரலால் பிடித்துக் கோழி கொத்துகிற மாதிரி இழுக்கச் சொன்னார். தளவாய் இழுத்தார். நுனி அறுந்து விரலோடு வந்தது. அடைப்பு வாசலில் குவிந்து கிடந்த புல்லைக் காட்டி, இதில் ஒன்று இழுங்கள் என்றார். இழுத்தார். முழுப்புல்லும் வழுக்கிக்கொண்டு வந்தது.

“அங்கே வேர் பிடிச்சுக்கிடுது. கோழியால கிள்ளத்தான் முடியும். இங்கே யாரு பிடிச்சுக்கிடுவா?”

தளவாய் கையிலிருந்த புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சாமி. நான் கேட்டேனே.”

“சொன்னேனே அண்ணாச்சி. கோழிக்குன்னு.”

தளவாய் வாயைத் திறந்தார். மனசு, ஆசை என்று ஏதோ சொல்ல வந்தவர், போய் மண்வெட்டியை எடுத்தார்.

உடைமரத்துக்குக் கீழே குழி தோண்டிக் கோழியைப் புதைத்தார்கள். புரியைப் புதைக்கத் தளவாய்க்கு மனம் வரவில்லை. ஒரு தேக்கிலையில் சுற்றி வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் சாமி அடைப்பைத் திறந்தார். உள்ளே நேற்று வரை இல்லாத இன்னொரு சாம்பல் கோழி கிளறிக்கொண்டிருந்தது. அதன் காலில் செத்த கோழியின் மஞ்சள் சேலைக் கிழிசல்.

சாமி அதைப் பிடித்துத் தளவாயிடம் கொண்டுவந்தார். காலைக் காட்டினார்.

“அவ வந்தா என்னத்தைக் காட்டுவோம் சாமி? ரெண்டும் ஒரே நிறம். அவளுக்கு வித்தியாசம் தெரியாது. மகளைப் பார்த்துக்கிட்டு நிம்மதியா அங்கே இருப்பா.”

“சரி. நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் கூடிருச்சுன்னு வைங்க. கோழி நல்லாத்தானே இருக்கு, பிறகு ஊசி எதுக்கு, மருந்து எதுக்குன்னு எழுந்து வந்துட்டா?”

தளவாய் இதை யோசித்திருக்கவில்லை. அப்படியென்றால் அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று சொல்லிவிடலாமே என்றார். கோழி சாவதும் இருப்பதும் நம் கையிலா இருக்கிறது என்றார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

“அம்மன் மேல போட்டா அவ தாங்கிக்கிடுவா,” என்றார் சாமி. “பிள்ளை தாங்குமா?”

தளவாய் குனிந்து கோழியின் காலிலிருந்த கிழிசலை அவிழ்த்தார்.

அவிழ்த்து நிமிர்வதற்குள் கரைக்குக் கீழே பஸ் நின்றது. டவுனிலிருந்து வடக்கூர் போகிற பஸ். அதிலிருந்து பிரமசக்தி இறங்கினாள். தோளில் ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்பில் சுற்றிய பிள்ளை. பிள்ளையின் புறங்கையில் ஊசி ஏற்ற வைத்த குழாய் பிளாஸ்திரியோடு அப்படியே இருந்தது. சேதி போய்விட்டது. நேற்று எருமைக்கு மருந்து வாங்க டவுனுக்குப் போன உச்சிமாகாளி வாய் மூலமாகப் போயிருக்க வேண்டும். அவளைக் குறை சொல்லவும் முடியாது, கேட்டதற்குப் பதில் சொல்லியிருப்பாள்.

பிரமசக்தி யாரையும் பார்க்கவில்லை. நேரே அடைப்புக்குப் போய் வலையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கோழியின் காலாகப் பார்த்தாள். பிறகு திரும்பியபோது தளவாய் கையில் தன் சேலைக் கிழிசல் இருப்பதைக் கண்டாள்.

அழுவாள் என்று நினைத்தார்கள். அவள் அழவில்லை. பீடத்துக்கு முன்னால் போய்ப் பிள்ளையை விரிப்போடு தரையில் கிடத்தினாள்.

“உனக்கு வேணும்னா நீயே வச்சுக்கோ,” என்றாள் அம்மனிடம். “ஊசிக்கு அவளைப் பிடிச்சுப் பிடிச்சு எனக்கு ஏலலை.”

முத்துக்கனியின் கண் பாதி திறந்திருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. பிள்ளை அதை ஓட்டவில்லை.

தளவாய் சாமியிடம் ஓடினார்.

“நீங்க சொல்லுங்க சாமி. உங்க பேச்சைக் கேப்பா.”

“நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்லுதேன்னு நினைப்பா. உங்களை அவ வையணும் அண்ணாச்சி. வஞ்சாத்தான் நம்புவா.”

தளவாய் நின்றார். சாமி அவரைத் தள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

தளவாய் போனார். தேக்கிலையைப் பிரித்துப் பிரமசக்திக்கு முன்னால் வைத்தார்.

“அம்மன் எடுக்கலை தாயி. இந்தப் புல்லு அடைச்சுச் செத்துச்சு. நறுக்கிப் போடணும். நான் போடலை. கீறி எடுக்க ஒருத்தி வந்தா. ஊருக்குப் பயந்து அதையும் விடலை.”

“என்ன சொல்லுதிய?”

அவர் மறுபடியும் சொன்னார். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. பிறகு பையிலிருந்த இன்னொன்றையும் எடுத்துப் போட்டதுபோல, வேறு கோழிக்குக் கிழிசலைக் கட்டி அவளை ஏமாற்றப் பார்த்ததையும் சொன்னார்.

பிரமசக்தி இலையிலிருந்த புரியை எடுத்தாள். கோழி வளர்த்த கைதான் அது. ஒரு புல்லை நகத்தால் பிரித்து இழுத்துப் பார்த்தாள். இன்னொன்றை இழுத்தாள். நீளத்தைப் பார்த்தாள். முகர்ந்தாள். அவள் முகம் மாறியது.

அதன் பிறகு அவள் வைத வசவு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது. லாரி ஓட்டினவனுக்குக் கோழி என்னத்துக்கு என்று ஆரம்பித்தாள். அவர் நரையை வைதாள், நல்ல மனசை வைதாள், செத்துப்போன மனைவியையும் விட்டுவைக்கவில்லை. இப்படி ஒரு மனுசனை அடைப்புக்குக் காவல் வைத்ததற்குச் சாமிக்கும் பங்கு கிடைத்தது. ஒரு பிடி மண்ணை அள்ளித் தளவாய் மேல் எறிந்தாள். தளவாய் கண்ணை மூடாமல் நின்றார். சாமியும் தன் பங்குக்குத் தலையைக் குனிந்து நின்றார். ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் யார் மேலும் கோபப்பட முடியாமல் இருந்தவள் அவள்.

மூச்சு வாங்க நிறுத்தி, அம்மன் பீடத்தைப் பார்த்தாள்.

“அப்ப, அவ வேண்டாம்னு சொல்லலை.”

“இல்லை தாயி.”

“அவ ஒண்ணுமே சொல்லலை.”

“ஒண்ணுமே சொல்லலை.”

பிரமசக்தி குனிந்து மகளின் உதட்டிலிருந்த ஈயை ஓட்டினாள். கழுத்தில் கை வைத்தாள். கையை எடுக்கவில்லை. புறங்கைக் குழாயில் பிளாஸ்திரி ஓர் ஓரமாகப் பிரிந்திருந்ததைப் பார்த்து, விரலால் அழுத்தி ஒட்டினாள்.

பிள்ளை பிழைக்குமா என்று தளவாய் சாமியைத் திரும்பிப் பார்த்தார். சாமி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வடக்கூர் போன பஸ் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. அதை விட்டால் மத்தியானம் வரை டவுனுக்குப் பஸ் கிடையாது.

பிரமசக்திக்கும் கேட்டது. விடிவதற்கு முன்னாலிருந்து பிள்ளையைச் சுமந்த கை. தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. சேலை முந்தி அவிழ்ந்து மண்ணில் கிடந்தது. அதை இறுக்கிக் கட்டாமல் கரையில் இறங்கவும் முடியாது. விரிப்போடு பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் நின்றவர் தளவாய்தான். தலையிலும் சட்டையிலும் அவள் எறிந்த மண்.

அவரிடம் பிள்ளையை நீட்டினாள்.

“அவளுக்குக் கழுத்து நிக்கலை. தலையைத் தாங்கிப் பிடிங்க.”